கமாண்டர் பேசிய தமிழ்

பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஒருவரைக் கட்டிலில் எப்படிப் புரட்டுவது, நமது முதுகு போகாமல் எப்படித் தூக்குவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். பொம்மை வைத்தே காட்டுவார்கள். என்னைக் கூப்பிட்டவர்கள், "பிள்ளைகளுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்கள். லண்டனில் வயோதிபர்களின் வீடுகளிலேயே என் அரைவாசி வாழ்க்கை போயிற்று. உற்சாகத்துக்கு என்னிடம் சரக்குக் குறைவு. பயந்துபோன கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

பயிற்சியில் உங்களுக்கு ஒரு விதி சொல்லித் தந்திருப்பார்கள். நினைவு தடுமாறும் ஒருவர், அங்கே இல்லாத ஆளோடு பேசினால் மறுத்துப் பேசாதே. அந்த இல்லாத ஆளோடு நீயும் பேசாதே. நல்ல விதி. அதன் இரண்டாம் பாதியை நான் ஒருமுறை மீறினேன். நம்முடைய ஆட்கள் மட்டுமே மீறக்கூடிய விதத்தில் மீறினேன்.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிம்லிகோவில், தேம்ஸ் நதியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். வீட்டுக்காரர் ஒரு பிரபு. தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். பிறந்தது நாட்டுப்புறத்தில் மாளிகை, பூங்கா, வேட்டை நாய்கள் என்று வாழ்ந்த குடும்பத்தில். மீசை அரும்பும் முன்பே கடற்படைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். மூத்த அண்ணன் போரில் இறந்ததால் பட்டம் இவருக்கு வந்தது. ஆனால் 'பிரபு' என்று கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கமாண்டர் என்றே கூப்பிட வேண்டும். பட்டம் செத்தவனிடமிருந்து வந்தது, பதவி தான் சம்பாதித்தது என்பார். என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததேயில்லை. கப்பலில் சாப்பாடு பரிமாறுகிறவனை அழைப்பதுபோல 'ஸ்டூவர்ட்' என்பார். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது, எனக்குக் கிடைத்த பட்டங்களில் அது ஒன்றும் மோசமில்லை.

சுவர் முழுக்கப் படங்கள். போர்க்கப்பல்கள், முன்னோர்கள், அரச விருந்துகள், மார்பில் பதக்கங்களோடு அவர். இவ்வளவு கடல் சுவரில் இருக்க, நதிப் பக்கத்து ஜன்னலின் கனத்த திரையை மட்டும் யாரும் திறக்கக்கூடாது. அவருடைய நாற்காலியும் கட்டிலும் நதிக்கு முதுகு காட்டியே கிடந்தன. கடற்படைக்காரருக்குத் தண்ணீர் பிடிக்கவில்லையா என்று முந்தைய பராமரிப்பாளரிடம் கேட்டேன். கானாவிலிருந்து வந்த நல்ல மனுஷி. "அதைக் கேட்காதே. சில நேரம் அவர் ஏதோ உளறுவார், அதையும் கவனிக்காதே" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றே அந்த உளறல் வந்தது. நான் குனிந்து அவருடைய காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"நான் நீந்துவன், ஐயா. நான் நீந்துவன்."

காலுறையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. வானொலிகூட இல்லை. கமாண்டரின் வாய்தான் அசைந்தது. ஆனால் அது ஆங்கிலேயன் பேசும் தமிழ் இல்லை. பிரபுவின் கரகரத்த குரலும் இல்லை. மூச்சு வாங்கும் ஒரு இளைஞனின் குரல், திருகோணமலைப் பக்கத்தவன் ஒருவனின் தமிழ். கண்கள் என்னைத் தாண்டித் தரையைப் பார்த்தன. தரை வெகு ஆழத்தில் இருப்பதுபோலப் பார்த்தன. நான்கைந்து தடவை சொன்னார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் தேநீர் கேட்டார்.

பிறகும் அடிக்கடி வந்தது. ஒரு நாள் காலையில், இன்னொரு நாள் மதியத்துக்குப் பின்னால். நேரகாலம் இல்லை என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். நான் கடற்கரை ஊர்க்காரன். தேம்ஸிலும் கடல் போலவே தண்ணீர் ஏறி இறங்கும் என்பதை வேலைக்கு வரும் வழியில் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு நாள் குரல் வந்த நேரத்தில் திரையை விரல் அகலம் விலக்கிப் பார்த்தேன். பெருக்கு ஏறி, தண்ணீர் நதியோர மதிலின் கழுத்துவரை வந்திருந்தது. மறு தடவையும் அப்படித்தான். திரை மூடிய அறையில், நதிக்கு முதுகு காட்டி இருந்த மனிதருக்கு அது எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தண்ணீர் வற்றியிருந்த ஒரு காலையில் அவர் தெளிவாக இருந்தார். முட்டையை உடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஸ்டூவர்ட், நீ இலங்கைக்காரன்தானே? நான் ஏதோ சொல்கிறேனாம். அது உன் மொழியா?"

"ஆம், கமாண்டர்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். விருந்துகளில் எத்தனையோ கடல் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைத்தவர், யாரிடமும் சொல்லாத கதையை எனக்குச் சொன்னார். இரண்டாம் உலகப் போர்க்காலம். திருகோணமலையில் குண்டு விழுந்த பிறகு, துறைமுகத்தில் வேலை செய்த உள்ளூர் ஆட்களையும் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு சிறு கப்பல் தெற்கே புறப்பட்டிருக்கிறது. அதில் இவர் இளம் அதிகாரி. இருட்டில் கப்பல் அடிபட்டு மூழ்கியது. மிஞ்சியது ஒரு படகு. அதன் பொறுப்பு இவருக்கு. படகில் விளிம்புவரை ஆட்கள், கடலெல்லாம் எண்ணெய். இன்னும் ஒருவர் ஏறினால் எல்லோரும் போவார்கள் என்ற நிலை.

"ஒருவன் நீந்தி வந்து படகைப் பிடித்தான். ஒரே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொன்னான். கையில் ஒரு மூட்டை. அந்த நேரத்திலும் மூட்டையை விட மனமில்லை அவனுக்கு. அதைத்தான் முதலில் ஏற்றப் பார்த்தான். நான் மூட்டையைத் தள்ளிவிட்டேன். படகைப் பிடித்திருந்த அவன் விரல்களையும் பிரித்துவிட்டேன். அவன் சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியாது. சத்தம் மட்டும் போகவே இல்லை. அவன் என்னைச் சபித்தானா, கெஞ்சினானா? சாவதற்கு முன் எனக்கு அது தெரிய வேண்டும்."

கெஞ்சியவனைக் கொன்றேனா என்பதுதான் அவருடைய கேள்வி. எனக்கு அன்று பதில் சொல்வது சுலபமாக இருந்தது. "சபிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. 'எனக்கு நீந்தத் தெரியும், ஐயா' என்று சொல்லியிருக்கிறான்" என்றேன்.

"அப்படியானால் கரை சேர்ந்திருப்பான்" என்றார். அழுதார். முட்டையை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். அதன்பின் நாற்காலியை நதிப்பக்கம் திருப்பி, திரையைத் திறக்கச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, மறைக்க மாட்டேன். மருந்தால் முடியாததை ஒரு வசனத்தால் செய்துவிட்டேன் என்று பேருந்தில் வரும்போது எனக்கு நானே தோளில் தட்டிக்கொண்டேன்.

குரல் நின்றுவிட்டது. அவருக்கு நித்திரை வந்தது, உடம்பும் கொஞ்சம் தேறியது. ஞாயிறுகளில் வரும் மகளோடு சிரித்துப் பேசினார். மகளுக்கும் அறுபது வயதிருக்கும், நிமிர்ந்த நடை, அளந்த பேச்சு. வாசலில் என்னை நிறுத்தி, "அப்பாவை இப்படி நான் பார்த்ததே இல்லை. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்க மாட்டேன். அதை மட்டும் கெடுத்துவிடாதீர்கள்" என்றார்.

அந்த வசந்தம் நம்மில் யாருக்கும் மறக்காது. வன்னியில் போரின் கடைசி நாட்கள். பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்கள் சனம் இரவு பகலாக இருந்தது. என் தங்கையும் அவள் குடும்பமும் உள்ளே அகப்பட்டிருந்தார்கள். தொலைபேசி இல்லை, தகவல் இல்லை. நானும் சனத்தோடு போய் நின்றுவிட்டு, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், அங்கிருந்தே பிம்லிகோவுக்கு நடந்து வேலைக்குப் போவேன். தூரமில்லை. ஆனால் இரண்டு உலகம்.

அப்படிப் போன ஒரு பிற்பகலில், நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, குரல் திரும்பி வந்தது. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் மதிலை முட்டிக்கொண்டு நின்றது.

"நான் நீந்துவன், ஐயா."

நித்திரையில்லாத மனுஷன் நான். சாமி, பேய் ஒன்றிலும் நம்பிக்கை இல்லாதவன். ஆனால் கோயில் திருவிழாவில் யாருக்காவது உரு வந்து சாமியாடினால், சுற்றி நிற்கிறவர்கள் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சிறுவயதிலிருந்து காதில் ஊறிய கேள்வி. யோசிக்காமலே என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஆர் வந்திருக்கிறது? என்ன வேணும்?"

கமாண்டரின் தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது. அதுவரை அந்தக் குரல் வரும்போது அவர் என்னைப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார்.

"பிள்ளையைப் பிடியுங்கோ, ஐயா. நான் நீந்துவன். பிள்ளையைப் பிடியுங்கோ."

தேநீர் கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்ததை நான் கவனிக்கவில்லை. மூட்டை என்று அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருட்டில், எண்ணெய் படிந்த துணிக்குள் சுற்றியிருந்தது பிள்ளை. தான் ஏறுவதற்காக அவன் படகைப் பிடிக்கவில்லை. பிள்ளையை மட்டும் வாங்கிக்கொள், நான் நீந்துகிறேன் என்று சொல்லியிருக்கிறான். இவர் பிள்ளையைத் தள்ளிவிட்டிருக்கிறார்.

கமாண்டர் கண்ணைச் சிமிட்டி, "ஸ்டூவர்ட், சிந்துகிறது" என்றார்.

வீட்டுக்கு வந்து பிளேஸ்டோவில் எங்கள் சின்ன அடுப்படியில் மனைவிக்குச் சொன்னேன். அவள் மனோர் பார்க் கோயில் முருகனைத் தவிர வேறு யாருக்கும் பயப்படாதவள். அன்று பயந்தாள்.

"என்ன வேணும் எண்டு கேட்டுப்போட்டு வந்திட்டீங்கள். அது சொல்லியும் போட்டுது. இனிக் குடுக்காமல் விட ஏலுமே?"

"எதைக் குடுக்கிறது? செத்துப்போன பிள்ளையை நான் எங்கை போய் எடுக்கிறது?"

"எனக்குத் தெரியாது. கேட்டது நீங்கள்."

நான் வேலை செய்த பகுதி வயோதிபர்களுக்கு மேற்பார்வையாக ஒரு மூத்த தாதி இருந்தார். மதுரைக்காரி. உங்களில் பலர் அவரிடம்தான் திட்டு வாங்கிப் படித்திருப்பீர்கள், அதனால் பெயர் சொல்லவில்லை. அவரை வரவழைத்தேன். நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்து ஒரு பெருக்கு முழுவதும் கேட்டார். வெளியே வந்து சொன்னார்.

"அன்னைக்குக் காதுல விழுந்தது மூளையில அப்படியே பதிஞ்சு கிடந்திருக்கு. இப்ப வெளிய வருது. அவ்வளவுதான்."

"நான் கேட்ட பிறகு ஏன் மிச்சம் வந்தது, சிஸ்டர்?"

"அது எனக்குத் தெரியாதுங்க." கையுறையைக் கழற்றி மடித்தார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். அவரு கேக்காம நீங்களா சொல்லாதீங்க. கேட்டா, பாதிய மட்டும் சொல்லாதீங்க. பாதி சொல்லித்தான் இங்க வந்து நிக்கிறோம்."

இப்போது நான் சொல்ல வந்த இடம் இதுதான். சொல்வதா, விடுவதா என்பதைவிட எனக்குப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்துவிட்டது. அந்த வாரம் தொலைக்காட்சியில், கழுத்தளவு தண்ணீரில் எங்கள் சனம் வந்துகொண்டிருந்தது. தலையில் மூட்டை, தோளில் பிள்ளை. தூரத்திலிருந்து எடுத்த படத்தில் எது மூட்டை, எது பிள்ளை என்று தெரியவில்லை. என் தங்கையின் முகத்தைத் தேடித் தேடிக் கண் எரிந்தது. மறுநாள் காலை நான் பிம்லிகோவுக்குப் போனதே அவருக்குச் சொல்வதற்குத்தான். நீ தள்ளியது பிள்ளை, கிழவா, என்று ஆங்கிலத்தில் வசனம்கூடக் கட்டி வைத்திருந்தேன். மாடி ஏறி நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன். அவர் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தார். கோப்பையைப் பிடித்து வாயில் வைத்துவிட்டேன். கீழே இறங்கிப்போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்று நான் சொல்லியிருந்தால் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் தங்கைக்காக ஒரு கிழவனை அடித்ததாக இருந்திருக்கும். இந்த வேலையில் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று உங்களுக்குப் பாடம் எடுப்பார்கள். எந்த வயிற்றெரிச்சலோடு சொல்லப்போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும், கேட்டுவிட்டுத் தேவையானால் குளியலறைக்குப் போக வேண்டும்.

சில நாள் கழித்துத் தங்கை உயிரோடு முகாமில் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. பிள்ளைகளும் இருக்கிறார்களாம். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு மூச்சாக வந்தது.

கமாண்டர் கேட்டது அதற்குப் பிறகு. எனக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். நதி வற்றி, சேற்றில் கடற்பறவைகள் நடந்துகொண்டிருந்த காலை. அவர் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஸ்டூவர்ட், அவன் சொன்னது அவ்வளவுதானா?"

மகள் கெடுத்துவிடாதீர்கள் என்று சொன்னது நினைவில் இருந்தது. வேலை போகும் என்பதும் தெரியும். ஒரு 'ஆம்' போதும், மனிதர் நிம்மதியாகச் செத்துப்போவார். ஆனால் அவர் ஒரு தெளிவுள்ள மனிதராக என்னிடம் கேட்டார், நோயாளியாகக் கேட்கவில்லை. நான் நாற்காலிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, அவர் கண்ணுக்கு நேராக என் கண்ணை வைத்துச் சொன்னேன்.

"இல்லை, கமாண்டர். 'பிள்ளையைப் பிடியுங்கோ, நான் நீந்துவன்' என்றிருக்கிறான்."

அவர் கத்தவில்லை, அழவும் இல்லை. "மூட்டை" என்று மட்டும் சொன்னார். நான் தலையசைத்தேன். "எவ்வளவு பாரமில்லாமல் இருந்தது" என்றார். அதன் பிறகு வலது கையை நாற்காலிக்கு வெளியே நீட்டி, கீழ்நோக்கித் தொங்கவிட்டார். உள்ளங்கை விரிந்திருந்தது.

அந்தக் கையை அவர் திரும்ப எடுக்கவே இல்லை. சாப்பிடும்போதும் இடது கைதான். தோள் நோகும் என்று மடியில் எடுத்து வைத்தால், நான் திரும்புவதற்குள் மறுபடி வெளியே தொங்கும். கட்டிலிலும் அப்படித்தான், நதிப்பக்கம், விளிம்புக்கு வெளியே. கீழே தலையணை வைத்துத் தாங்கிவிடுவேன். குரல் அதற்குப் பிறகு ஒருநாளும் வரவில்லை. பெருக்கு ஏறும்போது அவர் சற்று முன்னால் சரிந்து, இன்னும் கீழே எட்டுவார். அவ்வளவுதான்.

மகள் வந்து பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"உங்களிடம் ஒன்றைத்தான் கேட்டேன்."

"ஆம், மேடம். அவரும் ஒன்றைத்தான் கேட்டார்."

என்னை மாற்றச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார். அதில் தவறும் சொல்ல முடியாது. ஆனால் எழுதுவதற்கு முன்பே, ஒரு விடிகாலையில், கமாண்டர் இறந்துவிட்டார். இரவுப் பராமரிப்பாளர் சொல்லி நான் ஓடி வந்தபோது ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் நிறைந்து இறங்கத் தொடங்கியிருந்தது.

இறந்தவரைக் குடும்பம் பார்ப்பதற்குமுன் கழுவித் துடைத்து, கண்ணை மூடி, கையை நேராக்கி வைப்பது நமது கடைசி வேலை. அந்தக் குடும்ப வழக்கப்படி கடற்படைச் சீருடையில், இரண்டு கையையும் மார்பில் வைத்து, வாளோடு அடக்கம் செய்ய வேண்டும். மற்றதெல்லாம் முடித்துவிட்டேன். வலது கை மட்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கியபடி இருந்தது. ஆனால் இப்போது விரிந்திருக்கவில்லை. விரல்கள் எதையோ சுற்றி இறுகியிருந்தன. உள்ளே ஒன்றுமில்லை.

வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி, வழக்கம்போல விரலை விரலாக நீவிப் பார்த்தேன். விறைப்பு எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது விறைப்புப் போல இல்லை, பிடி. அந்தப் பிடிக்குள் என் இரண்டு விரல் நுழைந்தது, மூன்றாவது நுழையவில்லை. கைக்குழந்தையின் மணிக்கட்டு அந்த அளவுதான் இருக்கும். துணியை எடுத்து வாளியில் போட்டேன்.

பின்னால் மகள் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. கையில் சீருடை.

"நேராக வரவில்லையா?"

"நேராக்க வேண்டாம், மேடம்" என்றேன். என் வேலையை முடிக்காமல் விடுகிறேன் என்று ஒரு குடும்பத்திடம் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அவர் முழந்தாளிட்டுத் தகப்பனின் கையைப் பார்த்தார். தானும் ஒரு விரலை அந்த இடைவெளிக்குள் வைத்துப் பார்த்தார். "நான் சின்னவளாக இருந்தபோது அவர் ஒருநாளும் என் கையைப் பிடித்ததில்லை. தெருவைக் கடக்கும்போதுகூட" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்னைப் பற்றி அவர் நிறுவனத்துக்கு எழுதவும் இல்லை.

அடக்கம் செய்கிறவர்கள் பெட்டியோடு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் தொழில் தெரிந்த ஆள். கையைப் பார்த்ததும், "இது வசதியாகப் போயிற்று, வாளின் கைப்பிடியை இதற்குள் செருகிவிடலாம், அழகாக இருக்கும்" என்று வாளை எடுத்தார்.

மகள் அவருடைய கையைத் தடுத்தார்.

"வேண்டாம்" என்றார். "அங்கே ஏற்கனவே பிடித்துக்கொண்டிருக்கிறார்."

வாளை நான் வாங்கி நாற்காலியில் சாய்த்து வைத்தேன். பெட்டியை அப்படியே மூடினார்கள்.